மட்டக்களப்பு வாவியின் இரு நேரமும் கணினியின் கடிகாரத் துடிப்பும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கும் ஞாயிற்றாற் பெயர்பெற்றவை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்துகிடக்கும் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பதே அப்பெயர்களின் பொருள். பொழுதைக் கொண்டு இடத்தைச் சுட்டிய மக்கள் வாழும் இந்நிலத்தில், 1996ஆம் ஆண்டு தொடக்கம் 2006ஆம் ஆண்டுவரை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஒரே வாவியின் இரு கரைகளிலும் இரு வேறு கடிகார நேரங்கள் வழங்கின. அதற்குத் தோற்றுவாய் மின்சாரப் பஞ்சம். அதே ஆண்டுகளிற் கணினி உலகிலும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுக் கடிகாரத்திற் கைவைக்கும் முறை உருவாயிற்று. முன்னதைச் செய்தது நாட்டரசு; பின்னதைச் செய்தது, கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆளும் பணிசெயல் முறைமை என்னும் நிரற்றொகுதி. தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். கடிகாரம் காட்டும் எண் ஒன்று, அதனுள் நிகழும் துடிப்பு வேறொன்று என்னும் உண்மை இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போதே நன்கு புலனாகும்.

இலங்கையின் கடிகாரம் அதற்கு முன்னரும் பன்முறை அசைக்கப்பட்டதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொழும்பை அண்டிய இடங்களின் சராசரிச் சூரிய நேரமே, அதாவது கிறீனிச்சு நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 19½ நிமிடம் முற்பட்ட நேரமே, நாட்டு நேரமாயிருந்தது. 1906ஆம் ஆண்டு தொடக்கம் அது 5½ மணியாக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1942 சனவரியில் அரைமணியும், அவ்வாண்டு செப்டெம்பரில் மற்றும் ஓர் அரைமணியும் முன்தள்ளப்பட்டு, போர் ஓய்ந்தபின் 1945 ஒக்டோபரிற் பழைய நிலை மீண்டது. மட்டக்களப்பின் மெய்யான சூரிய நேரம் கொழும்பின் நேரத்துக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் முற்பட்டது; ஆதலின் 5½ மணி என்னும் நியமநேரம் கொழும்பினும் மட்டக்களப்புக்கே கூடுதலாகப் பொருந்துவது. இது பலரும் கவனியாத ஒன்று.

1996இன் மாற்றம் போரினால் வந்ததன்று. வானம் பொய்த்ததனால் வந்தது. அக்காலத்தில் இலங்கையின் மின்சாரத்திற் பெரும்பங்கு நீர்வலுவாலேயே பெறப்பட்டது. மழை குன்றி நீர்த்தேக்கங்கள் வற்றவே மின்வெட்டு நாடெங்கும் பரவிற்று. மாலையில் விளக்கேற்றும் வேளையிலேயே மின்தேவை உச்சமடையும். கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளினால், மக்கள் வழக்கமான மணிக்கே உறங்கச் செல்வாராயின், விளக்கெரியும் நேரம் ஒரு மணி சுருங்கும். இக்கணக்கினை நம்பி 1996 மே 25ஆம் நாள் நள்ளிரவில் நாட்டு நேரம் 6½ மணியாக்கப்பட்டது. காலை ஆறு மணியளவில் எழுந்த ஞாயிறு, அன்று தொட்டுக் கடிகாரத்தின்படி ஏழு மணியை அண்டி எழலாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்வாங்கி 6 மணியாக நிலைபெற்றது.

விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டிலிருந்த நிலப்பரப்புகளில் இம்மாற்றத்தை ஏற்கவில்லை; இந்திய நேரத்தோடொத்த பழைய 5½ மணியையே கைக்கொண்டனர். படுவான்கரையின் பெரும்பகுதி அக்காலத்தில் அவர்கள் கையிலும், மட்டக்களப்பு நகரும் எழுவான்கரையின் நெடுஞ்சாலை ஊர்களும் அரசின் கையிலும் இருந்தன. எனவே முதல் ஐந்து மாதம் ஒரு மணியும், அதன்பின் ஒன்பதரை ஆண்டு அரைமணியும் வாவியின் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தன. பழைய நேரம், புதிய நேரம் என்னும் தொடர்கள் பேச்சு வழக்காயின. நகரின் கச்சேரியில் எட்டரை மணிக்குக் கருமமுடையவர் கொக்கட்டிச்சோலையில் தம் கடிகாரம் எட்டு மணி காட்டும்போதே நகர் சேர்ந்திருத்தல் வேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு இயந்திரப் பாதையிற் கடப்பவர் தண்ணீரைக் கடக்கையில் அரைமணியையும் கடந்தார். ஒரு சந்திப்புக்கு மணி குறித்தால், எந்த மணி என்று கேட்பது அறிவுடைமையாயிற்று. ஒருவர் எந்த நேரத்தைச் சொல்கிறார் என்பதிலிருந்து அவர் எக்கரையினர் என ஊகிக்கப்படும் காலத்தில், அக்கேள்வி வெறும் கணக்குக் கேள்வியாக மட்டும் இருந்திருக்க இயலாது.

இக்குழப்பத்தினின்று தப்பியது பஞ்சாங்க முறையே. நாழிகைக் கணக்கு ஞாயிறு எழுவதினின்று தொடங்குவது. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாள் 60 நாழிகை. கொழும்பில் எந்த மணி அறிவிக்கப்பட்டாலும், உதயாதி நாழிகை எட்டு என்றால் அது இரு கரைக்கும் எட்டே. மணியாக மாற்றிச் சொல்லும்போதுதான் தொல்லை எழும். அளவை வேறு, அதற்கு இடும் பெயர் வேறு என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டைக் கணினி இயற்றியோர் பெரும் இடர்ப்பாட்டுக்குப் பின்னரே கற்றனர். கணினியின் முறைவழியாக்கி ஒவ்வொரு சிறு வினையையும் ஒரு துடிப்பின் தாளத்துக்கேற்பச் செய்வது. அத்துடிப்பைத் தருவது குவாட்சுப் பளிங்கு. ஒரு விநாடியில் நிகழும் துடிப்புகளின் எண்ணிக்கையே மீடிறன். அதனையே கடிகார வேகம் என்பர். 1981இல் வெளியான ஐ.பி.எம். தனியாள் கணினியில் 14.318 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஒரே பளிங்கு இருந்தது. அதனை மூன்றால் வகுத்த 4.77 மெகாஹேர்ட்ஸ் முறைவழியாக்கிக்கும், பன்னிரண்டால் வகுத்த 1.193 மெகாஹேர்ட்ஸ் நேரங்காட்டிச் சில்லுக்கும் சென்றன. அச்சில்லு பின்னதனை 65,536ஆல் வகுத்து விநாடிக்கு ஏறத்தாழ 18.2 முறை தட்டிக்கொடுத்தது. பணிசெயல் முறைமை அத்தட்டல்களை நள்ளிரவிலிருந்து எண்ணி மணி சொல்லிற்று. வேகமும் நேரமும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தன. வேகம் மாறாது என்பது அனைவரும் ஐயுறாது கொண்ட எடுகோள்.

அந்த எடுகோளின்மீது நிரல் எழுதியோர் பலர் கட்டடம் எழுப்பினர். சிறிது நேரம் காத்திருக்க வேண்டுமாயின், கடிகாரத்தைப் பாராது, வெறும் எண்ணிக்கையொன்றை இத்தனை முறை சுற்றிவருமாறு நிரலில் எழுதுவர். விரைவான கணினிகள் வந்தபோது பழைய விளையாட்டுகள் கண்ணிமைக்குமுன் ஓடி முடிந்தன. வேகத்தைக் குறைப்பதற்கென்றே கணினிப் பெட்டியின் முகப்பில் 'ரேர்போ' என்னும் பொத்தான் வைக்கப்பட்டது. விரைவைக் குறிக்கும் பெயரிட்டு மந்தப்படுத்தும் கருவியை அமைத்தது வேடிக்கையான செய்தியே. ரேர்போ பஸ்கால் மொழியில் ஆக்கிய நிரல்கள், முறைவழியாக்கி ஏறத்தாழ 200 மெகாஹேர்ட்சைக் கடந்ததும், தொடக்கத்திலேயே வழு 200 என்று அறிவித்துச் சரிந்தன. காத்திருப்புக்கான சுற்றை அளவிடும் வகுத்தற் கணக்கின் விடை, அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. நிரலிற் பிழை புதிதாக நுழையவில்லை. துடிப்பு விரைந்தது, அவ்வளவே.

துடிப்பு விரைதற்கு விலை உண்டு. காரைதீவிற் பிறந்து, கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், அறிவியற் பட்டதாரியும் ஆவார். 1947இல் வெளிவந்த அவரது யாழ்நூல் பண்டை யாழின் சுருதிகளைக் கணித முறையால் ஆராய்வது. நரம்பின் மீடிறனை உயர்த்த வேண்டுமாயின் நீளத்தைக் குறைத்தல் வேண்டும். நீளம் மாறாதெனின் இழுவிசையைக் கூட்டுதல் வேண்டும் என்பது யாழ் பயின்றார் அனைவரும் அறிந்தது. முறைவழியாக்கியும் இவ்வியல்பினதே. அதன் திரான்சிற்றர்களைச் சிறிதாக்கினால் விரைவு கூடும். பருமை மாறாதெனின் மின்னழுத்தத்தைக் கூட்டுதல் வேண்டும். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் அறும். முறைவழியாக்கியோ வெப்பத்தால் வாடும்.

அது செலவிடும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதமாகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாகவும் உயர்வது. இதன் உட்பொருள் பலராலும் தவறாக விளங்கிக்கொள்ளப்படுகின்றது. மீடிறனை மட்டும் பாதியாக்கினால் வலு பாதியாகும். ஆயின் வேலை முடிய இரட்டிப்பு நேரம் செல்லும். ஆகவே அவ்வேலைக்கெனத் துடிப்புகள் உண்ணும் சக்தி முன்னையதே, எள்ளளவும் மிச்சமில்லை. மந்தமான துடிப்புக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும் என்பதனால், அதனையும் உடன் இறக்கும்போதுதான் மிச்சம் பிறக்கின்றது. மீடிறனையும் மின்னழுத்தத்தையும் ஐந்திலொரு பங்கு குறைப்பின் வலு ஏறத்தாழப் பாதியாகும். வேலை நீளும் நேரத்தையும் கணக்கிற்கொண்டால் சக்தியின் செலவு 64 விழுக்காடு. நாட்டுக் கடிகாரத்தின் கதையும் இதுவே. முள்ளை நகர்த்துவதனால் மாத்திரம் ஒரு விளக்கும் அணைவதில்லை. மக்களின் உறக்கமும் விழிப்பும் முள்ளைப் பின்தொடர்ந்தாலன்றி மின்சாரம் மிஞ்சாது.

கடிகாரத்தைத் தொடும் அதிகாரம் யாருக்கு என்னும் வினா கணினியிலும் எழுந்தது. 1992இல் இன்டெல், மைக்ரோசொப்ட் நிறுவனங்கள் வகுத்த முதல் ஏற்பாட்டில், வலுவை ஆளும் பொறுப்பு பெரும்பாலும் கணினிப் பலகையிற் பதிந்த அடிப்படை நிரலிடம் இருந்தது. அது பணிசெயல் முறைமைக்குத் தெரியாமலே சிலவற்றை உறங்கவைக்கும். எந்த வேலை அவசரமானது என்பதை அறியும் வழி அதற்கில்லை. 1996 டிசெம்பரில், இலங்கைக் கடிகாரம் இரண்டாம் முறை மாறி இரு மாதம் நிறையுமுன்னர், இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்னும் நியமத்தை வெளியிட்டன. அதிகாரம் பணிசெயல் முறைமையின் கைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, முறைவழியாக்கி எந்த எந்த மீடிறனில் இயங்கலாம் என்னும் படிநிலைகளையும் அட்டவணைப்படுத்த வழிசெய்தது.

அவ்வாண்டு சனவரியில் இன்டெலின் 'ஸ்பீட்ஸ்ரெப்' மடிக்கணினிகளில் வந்தது. 650 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 3, மின்கலத்தில் இயங்கும்போது 500 மெகாஹேர்ட்சுக்கு இறங்கிற்று, மின்னழுத்தமும் 1.6 வோல்ற்றிலிருந்து 1.35 வோல்ற்றாயிற்று. கணக்கிட்டால் வலு 55 விழுக்காடளவே. சந்தையோ எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஏ.எம்.டி., இன்டெல் இரண்டும் ஒரு கிகாஹேர்ட்ஸ் எல்லையை நாட்கணக்கான இடைவெளியிற் கடந்தன. விளம்பரங்கள் எண்ணையே கூவின. அவ்வோட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. திரான்சிற்றர் சிறுத்தபோதும் மின்னழுத்தத்தை அதற்கேற்ப இறக்க இயலாது போகவே, வெப்பம் எல்லை கடந்தது. 2004 ஒக்டோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4ஐ வெளியிடும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது.

லினக்சுப் பணிசெயல் முறைமையில் மீடிறனை ஆளும் பகுதி 2003 டிசெம்பரில் வெளியான 2.6 பதிப்பில் இடம்பெற்றது. அதில் 'ஆளுநர்' என்று பெயரிடப்பட்ட விதிகள் பல உள. ஒன்று எப்போதும் உச்சவேகத்தில் நிறுத்தும். ஒன்று எப்போதும் தாழ்வேகத்தில் நிறுத்தும். இன்டெலிற் பணியாற்றிய வெங்கடேசு பள்ளிப்பாடி முதலியோர் ஆக்கிய 'தேவைக்கேற்ற ஆளுநர்' இவற்றினும் நுட்பமானது. குறித்த இடைவெளிதோறும் முறைவழியாக்கி எவ்வளவு நேரம் வேலையிலிருந்தது, எவ்வளவு நேரம் சும்மாயிருந்தது என்று பார்க்கும். வேலை மிகுந்தால் நேரே உச்சத்துக்குத் தாவும், குறைந்தால் இறங்கும். ஏறுவதில் விரைவும் இறங்குவதில் நிதானமும் காட்டியது, காத்திருக்கும் மனிதனை எண்ணிச் செய்த ஏற்பாடு. 2016இல் வந்த 4.7 பதிப்பு, வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் பகுதியின் கணக்கையே நேரடியாகக் கொண்டு மீடிறனை வகுக்கும் ஆளுநரைத் தந்தது. 2015இல் வந்த இன்டெல் முறைவழியாக்கிகளிலோ, அன்றாடத் தீர்மானம் மீண்டும் வன்பொருளிடமே சென்றது: பணிசெயல் முறைமை மேலெல்லையும் கீழெல்லையும் தன் விருப்பமும் சொல்லும், துடிப்பை வன்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். கணத்துக்குக் கணம் மாறும் தேவையை அருகிலிருப்பவரே அறிவர் என்பது அவ்வேற்பாட்டின் நியாயம்.

இனி, ஆளுவது ஒருபுறமிருக்க, அறிவிப்பது எங்ஙனம் என்பது நோக்கத்தக்கது. 1993இன் பென்ரியம் முறைவழியாக்கியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூடும் எண்ணி ஒன்று அமைக்கப்பட்டது. வேகம் மாறாதிருந்தவரை அது நல்ல நாழிகை வட்டில். துடிப்பு ஏறி இறங்கத் தொடங்கியதும் அதனை நம்பி நேரம் கணித்த நிரல்கள் தடுமாறின. 2005இல் ஏ.எம்.டி.யின் இரட்டைக்கரு முறைவழியாக்கிகள் வந்தபோது நிலைமை முற்றிற்று: ஒரே சில்லின் இரு கருக்களிலும் இரு வேறு எண்ணிக்கை. ஒரு கருவிலிருந்து மற்றதற்குத் தாவிய நிரலுக்குக் காலம் பின்னோக்கிச் சென்றதுபோலத் தோன்றிற்று. அந்த ஆண்டில் மட்டக்களப்பு வாவியைக் கடந்தவர் அதனை எளிதில் விளங்கிக்கொண்டிருப்பர். மேற்குக்கரையில் இறங்கியதும் அவர் கடிகாரமும் அரைமணி பின்னே போயிற்று.

தீர்வு இரண்டையும் பிரித்ததே. பின்வந்த முறைவழியாக்கிகளில் அந்த எண்ணி, மெய்த்துடிப்பு எவ்வாறிருப்பினும் மாறா வீதத்தில் ஓடுமாறு அமைக்கப்பட்டது; அது நேரத்துக்குரியதாயிற்று. மெய்த்துடிப்பை அறிய வேறு இரு எண்ணிகள் வந்தன: ஒன்று நியம வீதத்திலும் மற்றது உண்மை வீதத்திலும் எண்ணும். இரண்டின் விகிதத்தை நியம வேகத்தாற் பெருக்கினால், அவ்விடைவெளியின் சராசரி வேகம் கிடைக்கும். ஆகவே கணினித் திரையில் 'வேகம்' என்று தோன்றும் எண் மூன்றில் எதுவுமாகலாம். தயாரித்தோர் பொறித்த நியம வேகமாகலாம். பணிசெயல் முறைமை கட்டளையிட்ட வேகமாகலாம். எண்ணிகளால் அளந்த சராசரி வேகமாகலாம். லினக்சில், முறைமை கருதும் வேகத்துக்கும் வன்பொருளிடம் கேட்டறிந்த வேகத்துக்கும் தனித்தனிப் பதிவுகளே உள. ஒரே கணத்தில் இரு கருவிகள் இரு எண் காட்டின் ஒன்று பொய் என்று முடிவுகட்டுதல் தகாது. எது எதனை அளக்கின்றது என்று கேட்டலே முறை.

இலங்கையின் கடிகாரம் 2006 ஏப்பிரிலில், சித்திரைப் புத்தாண்டையொட்டி, பழைய நிலைக்கு மீண்டது. 15ஆம் நாள் தொடங்கி அரைமணி கழிந்த வேளை, 14ஆம் நாளின் நள்ளிரவாக மீளக் கொள்ளப்பட்டது. விடியுமுன் இருளிற் பள்ளிக்குப் புறப்பட வேண்டியிருந்த சிறுவரின் துன்பமும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. போர் ஓயவில்லை, எல்லை அகலவில்லை, ஆயினும் வாவியின் இரு கரைகளும் அன்றிரவு ஒரே மணியைக் காட்டின. தம் கடிகாரத்தைத் திருப்பவேண்டியிருந்தவர் எழுவான்கரையினரே.

கணினிகளோ உடனே திரும்பவில்லை. விண்டோசின் அன்றைய பதிப்புகளின் நேரப்பட்டியலில் சிறீ சயவர்த்தனபுர என்னும் பெயருக்கு நேரே 6 மணியே இருந்தது. திருத்தம் வந்துசேரும்வரை, சென்னை, கொல்கத்தா, மும்பாய், புதுதில்லி என்றிருந்த வரியைத் தெரிவதே எளிய வழி. பிற பணிசெயல் முறைமைகள் பல, தன்னார்வலர் பேணிவரும் உலக நேரத் தரவுத்தளமொன்றைப் பயன்படுத்துகின்றன. யுனிக்சு மரபுக் கணினி 1970 சனவரி முதல் நாளிலிருந்து கழிந்த விநாடிகளையே உள்ளே எண்ணும். அவ்வெண் எந்த அரசின் ஆணையாலும் மாறுவதன்று. அதனை மணியாக மாற்றிக் காட்டும்போது மட்டும் இத்தரவுத்தளத்தைப் பார்க்கும். ஏறத்தாழ உதயாதி நாழிகையின் முறை அது.

அத்தரவுத்தளத்தில் 'ஆசியா/கொழும்பு' என்னும் ஒரு பதிவே இலங்கை முழுமைக்கும் உண்டு. 1906, 1942, 1945, 1996, 2006 ஆகிய ஆண்டுகளின் மாற்றங்கள் அனைத்தும் அதில் வரிவரியாக உள. விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்தையே கொண்டிருந்தனர் என்னும் செய்தியும் அங்கே உண்டு. ஆனால் அது குறிப்புரையாக, மனிதர் வாசிப்பதற்கென எழுதப்பட்டது. பொறி அவ்வரிகளைத் தாண்டிச் செல்லும். எனவே 1999இல் ஒரு நிகழ்ச்சி நடந்த கணத்தைக் கணினியிடம் கொடுத்து இலங்கை நேரம் கேட்டால், அது 6 மணிக் கணக்கிலேயே விடை தரும். நிகழ்ச்சி கொக்கட்டிச்சோலையிலோ மண்டூரிலோ நடந்ததாயின், அங்குள்ளோர் அன்று தம் கடிகாரத்திற் கண்ட மணியைப் பெற அவ்விடையிலிருந்து அரைமணியைக் கழித்தல் வேண்டும். 1996 மே 25இற்கும் ஒக்டோபர் 26இற்கும் இடைப்பட்டதாயின் ஒரு மணியைக் கழித்தல் வேண்டும்.